காலியாகக் கிடக்கும் மூன்றடி மேடை

எங்கள் சமையலறை 5 அடி அகலம், 8 அடி நீளம். நீளச் சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு மேடை. அது போக நிற்க, திரும்ப, குனிய 3 அடி. கதவு ஒரு முனை, ஜன்னல் மறுமுனை. இதற்குள் நான், கணவர், அத்தை என்று மூன்று பேர் சமைக்கிறோம். பல நேரம் இரண்டு பேர் சேர்ந்தே நிற்கிறோம். இடம் போதவில்லை என்ற பேச்சு இப்போது வீட்டில் எழுவதே இல்லை. மேடையின் நடுவில் 3 அடியை எந்தப் பொருளுக்கும் கொடுக்காமல் காலியாக விட்டிருப்பதுதான் அதற்குக் காரணம். இந்தப் பதிவு அந்த 3 அடியைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

சின்ன சமையலறை என்றாலே பொருள் வைக்க இன்னும் எங்கே இடம் பிடிக்கலாம் என்று யோசிக்கிறோம். சுவரில் ஒரு ஷெல்ஃப், மூலையில் ஒரு ஸ்டாண்டு, மேடைமேல் ஓர் அடுக்கு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உபயோகமானதுதான். எல்லாம் சேர்ந்ததும் வெட்டும் பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு காய் நறுக்க வேண்டியதாகிவிடும். பொருளுக்கு அலமாரி, பரண், கதவின் பின்புறம், பக்கத்து அறை என்று பத்து இடம் உண்டு. நறுக்குகிற, பிசைகிற, ஊற்றுகிற கைக்கு மேடை ஒன்றுதான் உண்டு. அதனால் முதலில் கைக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பொருளுக்குப் பங்கு போடுவது என்று முடிவு செய்தோம்.

கதவுப் பக்கமிருந்து அளந்தால் சிங்க்குக்கு 2 அடி, அப்புறம் காலி மேடை 3 அடி, அடுப்புக்கு 2 அடி 3 அங்குலம், கடைசியாக ஜன்னலை ஒட்டி 9 அங்குலம். காலி இடம் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிறது என்பது முக்கியம். கழுவுவது, நறுக்குவது, அடுப்பில் போடுவது என்று வேலை ஒரே திசையில் நகரும். அதே 3 அடி அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தால், தண்ணீர் சொட்டும் காயைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நறுக்கிய பிறகு கத்தியைக் கழுவத் திரும்பவும் அதே வழி. வீடு கட்டுகிறவர்களோ சமையலறையை மாற்றுகிறவர்களோ என்னிடம் யோசனை கேட்டால், அடுப்பையும் சிங்க்கையும் எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அலமாரியெல்லாம் அப்புறம்.

சமையலறை வடிவமைப்பு பற்றிப் படித்தால் வேலை முக்கோணம் என்ற ஒன்று கண்ணில் படும். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுகளில் உருவானது. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் கோடுகளின் மொத்த நீளம் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நடந்து நடந்து கால் வலிக்கும் பெரிய சமையலறைக்கு அது நல்ல கணக்கு. எங்களைப் போல ஒற்றைச் சுவர்ச் சமையலறையில் முக்கோணமே கிடையாது, எல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறது. இங்கே தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. நடுவில் என்ன அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

எனக்கு அதைவிட உதவியது இன்னும் பழைய ஒரு சமையலறை. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் சாதாரண வருமானக் குடும்பங்களுக்காக நிறைய குடியிருப்புகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சதுர அடியில் சொன்னால் 70-ஐ ஒட்டி வரும். எங்களுடையது 40. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறையை அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள்.

அந்தச் சமையலறையின் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வேலை மேடையைத்தான். அதன்மேல் ஒரு சாமானும் இல்லை. உட்கார்ந்து நறுக்க உயரம் மாற்றக்கூடிய சுழல் ஸ்டூல், நறுக்கும்போதே தோலைத் தள்ளிவிட மேடையிலேயே ஓர் இடம், தேவையான பக்கம் இழுத்துக்கொள்ள மேலே ரெயிலில் நகரும் விளக்கு. உலர்பொருள்களுக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்த அலுமினியப் பெட்டிகள் சுவரோடு சேர்ந்த அடுக்கில் வரிசையாகச் செருகியிருக்கும். ஒன்றை இழுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்த்துக் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் தனி டிராயர், புழு வராமல் இருக்க. இத்தனையும் அந்தக் காலி மேடைக்குப் பணிவிடை செய்வதற்காகவே சுற்றி நிற்கின்றன. அதில் ஒரு குறையும் உண்டு. ஒரே ஆள் நின்று வேலை செய்வதாக எண்ணிக் கட்டியது அது. வீட்டுப் பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்ற விமர்சனம் பின்னாளில் வந்தது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் யார் எங்கே நிற்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, மேடையை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் முதல் ஆள், கழுவிய பாத்திரம் கவிழ்க்கும் கூடை. குறைந்தது ஒன்றரை அடி போய்விடும். நாள் முழுக்க ஈரமாக, எப்போதும் பாதி நிறைந்து, எடுத்து அடுக்க யாருக்கும் நேரமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு ஃபின்லாந்தில் ஓர் அருமையான வழி இருக்கிறது. மையூ கெப்ஹார்ட் என்ற பெண்மணி, வீட்டு வேலையை எளிதாக்குவதை ஆராயும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர், 1940-களின் நடுவில் உருவாக்கியது. சிங்க்குக்கு நேர் மேலே சுவர் அலமாரி. உள்ளே பலகைத் தட்டுக்குப் பதில் கம்பித் தட்டு. அடியில் பலகையே கிடையாது. கழுவிய பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் தண்ணீர் சிங்க்கிலேயே சொட்டிவிடும். காய்ந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். காய வைக்கும் இடமும் எடுத்து வைக்கும் இடமும் ஒன்றே. ஒரு கூடை மிச்சமாகிறது. கூடவே துடைத்து அடுக்குகிற ஒரு வேலையும் மிச்சமாகிறது. ஃபின்லாந்து வீடுகளில் இது இல்லாத சமையலறையைப் பார்ப்பதே அரிதாம்.

எங்களுக்கு அதைச் செய்து கொடுத்த தச்சருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "அக்கா, அடிப்பலகை இல்லாம அலமாரியா? கீழ நின்னு பாத்தா எல்லாம் தெரியுமே," என்றார். தெரியட்டும் என்றேன். அலமாரியின் பக்கப் பலகைகள் தண்ணீர் பட்டாலும் ஊறாத வகை. உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் தட்டு இரண்டு. மேல் தட்டில் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் கம்பிகள். சாப்பாட்டுத் தட்டுகளைப் புத்தகம் அடுக்குவதுபோல நிறுத்தி வைக்கலாம். கீழ்த் தட்டு சமதளமான கம்பி வலை. டம்ளரும் கிண்ணமும் கவிழ. பின்பக்கம் சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விட்டிருக்கிறது, காற்று போக. சிங்க்கின் விளிம்புக்கும் அலமாரிக்கும் நடுவே 22 அங்குலம். எங்கள் பெரிய பாத்திரத்தைக் குழாய்க்குக் கீழே நிறுத்திப் பார்த்து, தலையும் இடிக்காமல் இருக்கும்படி எடுத்த உயரம் அது. உங்கள் வீட்டில் இது வேறாக இருக்கும். உங்களுடைய மிகப் பெரிய பாத்திரத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள வாணலியை அங்கே ஏற்றக் கூடாது. கம்பியில் பிசுக்கு ஏறினால் தூசியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

மேடையைப் பிடித்துக்கொள்ளும் அடுத்த ஆள், கீழ் அலமாரியிலிருந்து துரத்தப்பட்ட டப்பாக்கள். கீழே இடமில்லை என்று மேலே வந்தவை. ஆனால் கீழே திறந்து பார்த்தால் பின்பாதி முழுக்க வேண்டாத சாமான். இதற்குக் காரணம் நம் சோம்பல் அல்ல, அலமாரியின் ஆழம். மேடை 2 அடி ஆழம் என்பதால் கீழ் அலமாரியும் 2 அடி ஆழம். முன்னால் ஒரு வரிசை வைத்த பிறகு பின்னால் இருப்பது கண்ணிலும் படாது, கையிலும் அகப்படாது. அத்தைக்கு முழங்கால் மடக்க முடியாது. அவருக்குப் பின்வரிசை என்பது வேறு ஊர் மாதிரி.

ஆழத்தை வெல்ல இரண்டு வழிதான் எனக்குத் தெரியும். ஒன்று, டிராயர். முழுக்க வெளியே வரும் டிராயர் என்றால் பின்னால் இருப்பதும் மேலிருந்து பார்க்கத் தெரியும். பாதி மட்டும் வெளியே வரும் ரன்னர் (டிராயர் நகரும் தண்டவாளம்) போட்டால் பாதிப் பயன்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ரன்னரில் குறைக்காதீர்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். குக்கர், வாணலி எல்லாம் சேர்ந்தால் கனம் சீக்கிரம் ஏறிவிடும். இன்னொரு வழி, ஷெல்ஃபை ஒற்றை வரிசைக்கு மேல் ஆழமாக வைக்காமல் இருப்பது. எதிர்ச் சுவரில் நாங்கள் போட்ட ஷெல்ஃப்களின் ஆழம் வெறும் 5 அங்குலம். ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு டப்பா நிற்கவே முடியாது. எது இருக்கிறது, எது தீர்ந்துபோனது என்று வாசலில் நின்றே தெரிகிறது. முழங்கைக்கு மேல் உயரத்திலிருந்து தொடங்குவதால் திரும்பும்போது இடிப்பதில்லை. மேடையிலும் கீழ் அலமாரியிலும் சிதறிக் கிடந்த உலர்பொருள் முழுக்க அந்த ஆழமில்லாத சுவருக்குப் போய்விட்டது. இதை முதலில் வரைந்து காட்டியபோது என் கணவர் நம்பவில்லை. இப்போது அந்தச் சுவரை அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு, நன்றாகவே வைத்திருக்கிறார்.

ஷெல்ஃப்களுக்கு இடையே எவ்வளவு விடுவது என்பதையும் டப்பாதான் தீர்மானிக்க வேண்டும். 5 அங்குல உயர டப்பா நிற்கும் தட்டுகளுக்கு நடுவே 12 அங்குல இடைவெளி இருந்தால் மிச்ச 7 அங்குலத்தில் காற்றுதான் குடியிருக்கும். எங்கள் பழைய சுவர் அலமாரியில் தட்டுகளை நகர்த்த முடியாது. அதனால் பாதி ஆழத்துக்கு ஒரு குட்டிப் பலகை ஸ்டாண்டு செய்து பின்பக்கம் நுழைத்தோம். பின்வரிசை டப்பா உயரத்தில் நிற்கும், முன்வரிசை கீழே நிற்கும், இரண்டும் கண்ணுக்குத் தெரியும்.

வட்ட டப்பாவா சதுர டப்பாவா என்பது பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுரத்துக்குள் முட்ட முட்ட ஒரு வட்டம் வரைந்தால் அது சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதத்தைத்தான் பிடிக்கும். மிச்சம் 21.5 சதவீதம் நான்கு மூலைகளில் வீண். அதாவது வட்ட டப்பாக்களை வரிசையாக நிறுத்தும் ஷெல்ஃபில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம். கேட்டதும் எல்லாவற்றையும் சதுரமாக மாற்றத் தோன்றும். நான் முழுக்க மாற்றவில்லை. சதுர டப்பாவின் மூலையில் தூள் தங்கிவிடும், கழுவும்போது விரல் போகாது, மூடியும் திருகு மூடி அளவுக்கு இறுக்கமாக இருக்காது. மொத்தமாக வாங்கிப் பல வாரம் வைத்திருப்பவற்றுக்குச் சதுரம், தினமும் கை நுழைக்கிற சின்ன டப்பாக்களுக்கு வட்டம் என்று பிரித்துக்கொண்டேன். எதுவானாலும் உள்ளே இருப்பது தெரிய வேண்டும், அல்லது பெயர் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று பேர் புழங்கும் சமையலறையில் ஒருவர் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது.

மூடிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், மூடிகள் அடங்காது. குமிழ் நீட்டிக்கொண்டு, சரிந்துகொண்டு, ஒன்றை எடுத்தால் நான்கு விழும். கீழ் அலமாரிக் கதவின் உட்புறத்தில் துண்டு தொங்கப் போடும் மெல்லிய ஸ்டீல் கம்பியைக் குறுக்கே இரண்டு வரிசையாக அடித்தோம். மூடியைக் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே மேலிருந்து செருகினால் குமிழ் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். கம்பிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சந்து முக்கியம். ரொம்ப ஒட்டியிருந்தால் மூடியின் விளிம்பு நுழையாது, ரொம்ப விலகியிருந்தால் குமிழ் நழுவிக் கீழே விழும். மூடியையும் கம்பியையும் கையில் பிடித்துக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டை போடுங்கள். கதவைச் சாத்தும்போது மூடி உள் தட்டில் முட்டுமே என்றால், தட்டின் முன்விளிம்பை 3 அங்குலம் வெட்டிக்கொள்ளலாம். புதிதாகப் பாத்திரம் வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் மூடிக்குப் பொருந்தும் வாய் அகலமாகவே பார்த்து வாங்குகிறேன். ஒரே மூடி மூன்று பாத்திரத்துக்கு உதவுகிறது.

எட்டும் உயரம் பற்றி. அத்தை அண்ணாந்து பார்க்காமல் எடுக்கக்கூடிய உயரம் சுமார் 5 அடி. அவர் இடுப்புக்கும் அந்த 5 அடிக்கும் நடுவே வரும் இடம்தான் இந்த அறையிலேயே விலை உயர்ந்த இடம். தினமும் எடுப்பது எல்லாம் அங்கே. கனமானது எதுவும் தோளுக்கு மேலே போகாது. இது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத விதி. பரணில் இலேசானவை, எப்போதாவது தேவைப்படுபவை மட்டும். ஸ்டூல் போட்டு ஏறி இறக்க வேண்டிய ஒன்றை வாரம் ஒருமுறை தேடுகிறோம் என்றால் அது தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மடக்கு ஸ்டூல் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அடுப்புக்குப் பக்கத்து 9 அங்குலம் ஆசை காட்டும் இடம். எண்ணெய் பாட்டில், மசாலாத் தூள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று அங்கே வைக்கத் தோன்றும். வெப்பம் இரண்டுக்குமே ஆகாது. எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், தூள் மணம் போய்விடும். அதனால் அங்கே கரண்டி நிறுத்தும் குவளையும் உப்பும் மட்டும். அடுப்புக்கு நேர் பின்னால் சுவரில் கொக்கி மாட்டிக் கரண்டி தொங்கவிடுவது படத்தில் அழகாக இருக்கும். எரியும் அடுப்புக்கு மேலே கையை நீட்டி எடுக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். சேலைத் தலைப்பும் முழுக்கைச் சட்டையும் தீயைத் தேடிப் போகும். கொக்கி வரிசை எங்கள் வீட்டில் காலி மேடைக்கு மேலே இருக்கிறது. கேஸ் வால்வையும் குழாயையும் மறைத்து எதையும் அடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடநெருக்கடியில் முதலில் மறந்துபோவது அதுதான்.

சிங்க்குக்குக் கீழே உணவுப் பொருள் எதுவும் இல்லை. ஈரம் உண்டு, ஒருநாள் கசிவும் வரும். துப்புரவுச் சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் இருக்கின்றன; தண்ணீர் நிறுத்தும் வால்வை ட்ரேயை இழுத்தவுடன் தொடலாம். உருளைக்கிழங்குக்கு வேறு டிராயர், காற்றுப் போகிற கூடையில், இருட்டில். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும், அந்தப் பச்சையோடு சேர்ந்து சோலனின் என்ற நச்சும் கூடும். ஆகவே கண்ணில் படுகிற அழகான கூடை அதற்கு வேண்டாம்.

சமையலறைச் சாமான் எல்லாம் சமையலறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதை ஏற்றுக்கொண்டது எங்களுக்குப் பெரிய விடுதலை. ஃபிரிட்ஜ் கதவுக்கு வெளியே நிற்கிறது. மிக்சி அதன் பக்கத்திலேயே இடுப்பு உயரப் பலகையில், தனி பிளக் பாயிண்டோடு. தினமும் அரைப்பதை அலமாரிக்குள் வைத்துத் தூக்கித் தூக்கி எடுத்தால் நாலு நாளில் அது மேடைக்கே வந்துவிடும். அதனால் வெளியே என்றாலும் நிலையான இடம் கொடுத்தோம். எது சமையலறைக்கு உரியது என்று சந்தேகம் வந்த சாமான்களையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வெளி அறையில் வைத்தோம். தேடி வந்து எடுத்தவை மட்டும் திரும்பவும் உள்ளே இடம் பெற்றன. மற்றவற்றை வேண்டியவர்களுக்குக் கொடுத்தோம். எந்த விவாதமும் இல்லாமல் முடிந்தது இது, ஏனென்றால் யாரும் யாரிடமும் "இது எதற்கு?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் விஷயம். 3 அடி நடைபாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் போவது எரிச்சல்தான். ஒருவர் அடுப்போரம் என்றால் அவர் ஜன்னல் பக்கமே நிற்பார். மற்றவர் சிங்க் பக்கம். நடுவில் உள்ள காலி மேடையில் சிங்க்காரர் நறுக்கி வைப்பார், அடுப்புக்காரர் எடுத்துக்கொள்வார். யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. கூட்டம் வரும் நாளில் மேடையை இன்னும் கொஞ்சம் நீட்ட ஒரு பலகை வைத்திருக்கிறோம். எங்கள் சிங்க்கின் தொட்டி மேடையின் வாக்கில் 18 அங்குலம், முன்பின்னாக 16 அங்குலம். பலகை 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம். அதை முன்பின்னாகத் தொட்டியின் மேல் வைத்தால் இரண்டு விளிம்பிலும் ஓர் அங்குலம் உட்காரும். அடியில் இரண்டு மெல்லிய சட்டம் அடித்திருப்பதால் சறுக்காது. 8 அங்குலம் தொட்டி திறந்தே இருக்கும், அந்த வழியாகக் காயைக் கழுவி எடுக்கலாம். பலகையில் நறுக்கியதைத் தோலோடு அப்படியே பக்கத்துக் கிண்ணத்தில் தள்ளலாம். என் கணவர் உயரம், அவருக்கு எங்கள் மேடை தாழ்வு. நறுக்கும் இடம் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் முதுகு வலிக்காது என்பார்கள். அவர் நறுக்கும்போது காலி மேடையில் கனமான பலகை ஒன்றை 3 அங்குலம் உயரக் கால் வைத்துப் போட்டுக்கொள்கிறார். அத்தை நறுக்கும்போது அதை எடுத்துவிடுவார்.

வெளிச்சம் இடத்தைக் கூட்டும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விளக்கு அறையின் நடுக் கூரையில் இருந்தால், மேடைக்கு முன்னால் நிற்கிற நம் நிழலே நறுக்கும் இடத்தில் விழும். நிழல் விழுந்த பகுதியைக் கை தானாகவே தவிர்க்கும், மேடை பாதியாகிவிடும். சுவர் அலமாரியின் அடிவிளிம்பில், முன்பக்கமாக ஒரு எல்இடி பட்டி போட்டோம். 3 அடி முழுக்கப் பயன்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓட்டை போட முடியாதே என்பார்கள். தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பத்தில் தட்டு மாட்டலாம். அலமாரிக்குள் குறுக்கே ஸ்பிரிங் கம்பி இறுக்கி மூடி, தட்டுகளை நிறுத்தலாம். ஒட்டுக் கொக்கி போடுவதானால் முதலில் அந்த ஓடு அல்லது சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் சுத்தமாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். கொக்கி விழுவதற்குப் பாதிக் காரணம் பிசுக்குதான். ஓட்டை போடக்கூடிய வீடு என்றால் குழாய்க்கு நேர் மேலும் கீழும், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். தண்ணீர்க் குழாயும் ஒயரும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் சுவருக்குள் ஓடும்.

எது செய்தாலும் முதலில் காகிதத்தில் செய்து பாருங்கள். ஷெல்ஃபின் அளவுக்குப் பழைய அட்டையை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுச் சமைத்துப் பார்க்க வேண்டும். முழங்கை எங்கே இடிக்கிறது, அலமாரிக் கதவு எங்கே தட்டுகிறது, வீட்டில் குள்ளமானவருக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் அட்டையே சொல்லிவிடும். அகலத்தையும் உயரத்தையும் எல்லாரும் அளக்கிறார்கள். கதவும் டிராயரும் திறந்த நிலையில் அளப்பவர்கள் குறைவு. எங்கள் பெரிய டிராயர் முழுக்க வெளியே வந்தால் நடைபாதையில் 1 அடி 4 அங்குலம்தான் மிஞ்சுகிறது. அதற்குப் பக்கவாட்டில் நின்றுதான் அதைத் திறக்க முடியும் என்று அட்டை வைத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதால், அடுப்பருகே போட இருந்த அதைக் காலி மேடைக்குக் கீழே மாற்றச் சொல்லிவிட்டோம்.